‘மிஸ் பேசுறாங்க’ என்றொரு விளையாட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் ‘கேம் மிஸ்’. ஆசிரியர் அறையில், அவள் இல்லாத நேரத்தில், ‘திக்குவாய் மிஸ்’. இந்த இரண்டாவது பெயர் பிள்ளைகள் காதுவரைக்கும் போகவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

எந்நேரமும் வருகிற திக்கல் இல்லை அது. குழந்தைகளோடு பேசினால் வராது. பாட்டுப் பாடினால் வராது. தன்னைவிட ஒரு படி மேலே இருக்கிற ஆள் எதிரே வந்து நின்று, பதிலுக்காக முகத்தைப் பார்த்தால் போதும், முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொள்ளும். தொலைபேசி என்றால் இன்னும் மோசம். சொல்ல வந்தது நெஞ்சில் முழுசாக இருக்கும், வாய் மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு வழிவிடாது. கண் தானாக மூடிக்கொள்ளும். வலது கை தொடையைத் தட்ட ஆரம்பித்துவிடும். தட்டினால் சொல் உதிரும் என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்த வித்தை அது. சொல் உதிர்ந்ததில்லை. தட்டும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வேலைக்கு ஆள் எடுத்த அன்று, தலைமை ஆசிரியை கேட்ட முதல் கேள்விக்கே அவளுக்கு வாய் அடைத்துப்போனது. மேஜையிலிருந்த கணினியைத் தன் பக்கம் இழுத்து, பதிலைத் தட்டச்சு செய்து, திரையைத் திருப்பிக் காட்டினாள். தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பரவால்ல. இங்க பேசப்போறது கம்ப்யூட்டர்தானே. நீங்க பக்கத்துல நின்னாலே போதும்.”

அப்படித்தான் வேலை கிடைத்தது. மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைதான் கணினி அறை. அதற்கு முன்னால் அங்கே பிள்ளைகள் ‘கணினி என்பது ஒரு மின்னணுக் கருவி’ என்று கோரஸாகச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். கணினி மேல் உறை போட்டு மூடியிருந்தது. அவள் வந்த அன்றே உறைகளையெல்லாம் கழற்றி மூட்டை கட்டிப் பரணில் போட்டாள்.

முதல் வகுப்பில் கணினியைத் தொடவே விடவில்லை.

“நான் இப்ப ஒரு மெஷின். எனக்கு மூளையே கிடையாது. நீங்க சொல்றத மட்டும்தான் செய்வேன். என்னைக் கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போங்க பாப்போம்.”

“நடங்க மிஸ்!” என்று ஒருத்தி கத்தினாள். அவள் நடந்தாள். நடந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டினாள். முட்டிய பிறகும் சுவரைப் பார்த்தபடி காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“நில்லுங்க மிஸ், நில்லுங்க!”

“எப்ப நிக்கணும்னு முதல்ல யாராவது சொன்னீங்களா? நீங்க நெனச்சதை மெஷின் செய்யாது. சொன்னதைத்தான் செய்யும்.”

அடுத்த வாரம் பூனை வந்தது. அவளே வரைந்து, அவளே செய்த விளையாட்டு. ஒரு கள்ளப் பூனை, மொட்டை மாடியிலிருந்து இறங்கிச் சமையலறைப் பாலைக் குடித்துவிட்டு ஓட வேண்டும். ‘முன்னே போ’, ‘திரும்பு’, ‘குதி’ என்று எழுதிய கட்டங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் பூனை அதன்படி நடக்கும். தப்பாக அடுக்கினால் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, நனைந்த உடம்போடு விளையாடுகிற பிள்ளையை ஒரு முறை முறைக்கும். அந்த முறைப்பைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று தப்பாக அடுக்கியவர்கள் உண்டு.

விளையாட்டின் இரண்டாம் நிலையில் நீளமான படிக்கட்டை வைத்தாள். பிள்ளைகள் ‘குதி, குதி, குதி’ என்று அடுக்கி அடுக்கிக் கை ஓய்ந்து, “மிஸ், இது அநியாயம்” என்று முறையிட்ட பிறகுதான் ‘திரும்பத் திரும்பச் செய்’ என்ற கட்டத்தைக் கொடுத்தாள். தாகத்தில் தவித்தவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது போலாயிற்று. அதற்கடுத்து ஒரு நாயைக் கொண்டுவந்தாள். ‘நாய் விழித்திருந்தால் நில், இல்லையென்றால் ஓடு.’ கணினிப் படிப்பில் பெரியவர்களே திணறுகிற விஷயங்களை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பால் திருடும் சாக்கில் கற்றுக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் இடித்துக்கொண்டு நின்றார்கள். கேம் மிஸ்ஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அந்த அறைக்குள் அவள் நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. பூனைக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல் என்று பேசுவாள். தலைமை ஆசிரியை எட்டிப் பார்க்கும்போது மட்டும் வெள்ளைப் பலகை பக்கம் திரும்பி, ஏதோ எழுதுகிற மாதிரி நின்றுவிடுவாள். கேள்வி கேட்டால் தப்ப முடியாது. அப்போது வகுப்பு சத்தமில்லாமல் இருக்கும். மரியாதையில் அமைதியாக இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வாள்.

வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் சிட்டு. அண்ணன் மகள். அண்ணன் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அண்ணி துணிக்கடையில் பில் போடுகிறவள். அவர்கள் வீட்டின் இரண்டு அறைகளில் ஒன்றில் அவளும் சிட்டுவும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். கல்யாணப் பேச்சு இரண்டொரு முறை வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் வாயைத் திறந்ததோடு நின்றுபோனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சிட்டுவுக்குப் படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் விடவில்லை. அண்ணிக்குத் தெரிந்தால் பிள்ளைக்கு முதுகு பழுத்துவிடும். அதனால் விடிவதற்குள் ஈரத்தை உணர்ந்து எழுந்து, விரிப்பை உருவி அலசிக் காயப்போட்டு, பிள்ளைக்கு உடை மாற்றி, ஒன்றும் நடக்காத மாதிரி அத்தை மறுபடி படுத்துக்கொள்வாள்.

“யார்கிட்டயும் சொல்லமாட்டியே அத்தை?”

“எனக்கு எங்க வேகமா சொல்ல வருது? நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ பெரியவளாயிடுவ.”

இரண்டு பேரும் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நான்காம் வகுப்பு பாதியில் சிட்டு ஒரு நாள் சொன்னாள். “ஸ்கூல்ல நான் உன்ன அத்தைன்னு கூப்பிட மாட்டேன். நீயும் என்னச் சிட்டுன்னு கூப்பிடாத. கூடவே நடந்தும் வராத.” சலுகை காட்டுகிறார்கள் என்று மற்ற பிள்ளைகள் பேசுவார்கள் போலிருக்கிறது, பிள்ளைக்கு எவ்வளவு நியாய உணர்வு என்று அத்தைக்குப் பெருமை. தெருமுனையிலேயே நின்று, சிட்டு உள்ளே போன பிறகு தான் போவாள். சிட்டுவின் பக்கத்தில் யாரும் உட்காராததும், அவள் போகும்போது பின்னால் தொடையைத் தட்டிக்கொண்டு ‘ப்-ப்-ப்-பூனை’ என்று பிள்ளைகள் பாடுவதும் அத்தையின் கண்ணில் படவில்லை. மாடிப்படிக்கு அடியில் எல்லாருமே நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள்.

ஆண்டுக் கடைசியில் பெற்றோர்களுக்கான கண்காட்சி. ஆளுக்கொரு விளையாட்டைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று சொன்னாள்.

“வீட்ல, தெருவுல, யாரையாவது நல்லா கவனிச்சுப் பாருங்க. எது நடந்தா அவங்க என்ன செய்றாங்கன்னு பாருங்க. எல்லாருக்குள்ளயும் ஒரு விதி இருக்கும். அதக் கண்டுபிடிச்சு எழுதுங்க.”

ஒருத்தன் மின்விசிறியை ஓடி ஓடி அணைக்கும் அப்பாவைச் செய்தான். ஒருத்தி பக்கத்து வீட்டு நாயைச் செய்தாள். சிட்டு யாருக்கும் காட்டாமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்க்கக்கூடாது என்று அத்தையும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் வகுப்புக்கு வரும்போது உள்ளே ஒரே சிரிப்பு. பிள்ளைகள் ஒரு கணினியைச் சுற்றி ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். நடுவில் சிட்டு, ராணி மாதிரி. இரண்டு பக்கமும் தோழிகள் அவள் தோளில் கை போட்டிருந்தார்கள்.

திரையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. அதில் கண்ணாடி போட்ட ஒரு மிஸ். மேலே ‘மிஸ் பேசுறாங்க’ என்று வண்ண எழுத்து. சுற்றிலும் பிள்ளைகள் இருக்கும்வரை மிஸ் மளமளவென்று பேசுகிறாள். விசையைத் தட்டினால் கதவு வழியாகத் தலைமை ஆசிரியை நுழைகிறார். உடனே மிஸ்ஸின் கண் மூடிக்கொள்கிறது, கை தொடையைத் தட்டுகிறது, வாயிலிருந்து ஒரே எழுத்து குமிழி குமிழியாகக் கிளம்பிக் கூரையில் முட்டுகிறது. விசையை வேகமாகத் தட்டத் தட்டக் குமிழி கூடுகிறது, புள்ளி ஏறுகிறது.

குரல் அவளுடையதே. வீட்டில் தலைமை ஆசிரியையிடமிருந்து அழைப்பு வந்தபோது, சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று ‘ம்-ம்-ம்-மேடம்’ என்று தவித்த குரல். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அதைப் பதிவு செய்திருக்கிறது.

அவள் போய்க் கட்டங்களைத் திறந்து பார்த்தாள். பழக்கதோஷம். ‘பெரிய மிஸ் அருகில் இருந்தால், திரும்பத் திரும்பச் செய். இல்லையென்றால், சாதாரணமாகப் பேசு.’ ஒரு பிசிறு இல்லை. எந்த மருத்துவரும் அவளுக்கு அவளை இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியையும் வந்துவிட்டார். விளையாட்டைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ, என்னமா பண்ணியிருக்கா! இதுதான் கண்காட்சியில முதல்ல நிக்கணும். உங்க சொல்லிக்குடுக்கிற முறைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?” என்றார்.

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“இ... இ...”

கண் மூடிக்கொண்டது. கை தொடைக்குப் போனது. பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். எவனோ ஒருவன் சன்னமாக, “புள்ளி ஏறுது” என்றான்.

“இல்லைதானே? சரி, வெச்சிடலாம்” என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியை போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டாள். “ஏன்டா இப்படிப் பண்ணின?”

சிட்டு தலையைக் குனியவில்லை. “நீதான் கவனிச்சுப் பாத்து எழுதச் சொன்ன. இப்ப எல்லாரும் என்கூட உக்காருறாங்க தெரியுமா? முன்ன எல்லாம் உன்னாலதான் யாரும் உக்காரல.”

அண்ணி அடுப்படியிலிருந்து, “சின்னப் பிள்ளை விளையாட்டு. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு. எங்க, எனக்கும் காட்டு” என்றாள். சிட்டு கைபேசியில் காட்டினாள். அண்ணி சிரித்தாள். அவள் சிரிப்பதையாவது எதிர்பார்த்திருக்கலாம். பின்னால் நின்று எட்டிப் பார்த்த அண்ணனும் சிரித்தார். தங்கை பார்ப்பதைக் கவனித்ததும் இருமலாக்கி மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சின்ன வயதில் தெருவில் அவளைக் கேலி செய்தவன் பல்லை உடைத்த அண்ணன் அவர்.

கண்காட்சியன்று காலையில் யாரும் வருமுன் அவள் கணினி அறையைத் திறந்தாள். சிட்டுவின் விளையாட்டை எடுத்தாள். அழித்துவிடத்தான் வந்தாள், அது நிஜம். அழிக்கிற பொத்தான்மேல் அம்புக்குறியை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ‘புதிய நிலை’ என்பதை அழுத்தினாள்.

வரைவதில் அவளுக்குக் கை தேர்ந்திருந்தது. ஒரு கட்டில். பூப்போட்ட விரிப்பு. இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்பிள்ளை. யார் பார்த்தாலும் சிட்டுதான். ‘தூங்கினால், திரும்பத் திரும்பச் செய்.’ விரிப்பில் ஈரம் எந்த வேகத்தில் பரவ வேண்டும் என்பதை இரண்டு முறை மாற்றிப் பார்த்துத் திருத்தினாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் ஒழுங்காகச் செய்பவள். கடைசியில் ஓட்டிப் பார்த்தபோது தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

பெற்றோர்கள் நிறைந்துவிட்டார்கள். பெரிய திரையில் சிட்டுவின் விளையாட்டு. விசைப்பலகையில் சிட்டுவே. தலைமை ஆசிரியை பெருமிதத்தோடு பக்கத்தில் நின்றார். அறை குலுங்கச் சிரித்தது. சில பெற்றோர் கேம் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, இவங்கதானா என்று ஒருவரையொருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள். போதுமான புள்ளி சேர்ந்ததும் திரை மாறியது.

கட்டிலைப் பார்த்ததும் சிட்டுவுக்கு முதலில் புரியவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று முழித்தாள். திரையில் பெண்பிள்ளை தூங்கியது. விரிப்பில் மஞ்சளாய் ஒரு வட்டம் விரிந்தது. ஒரு அத்தை ஓடிவந்து விரிப்பை உருவினாள். மறுபடி தூக்கம், மறுபடி வட்டம்.

“டேய், இவ கட்டில்ல ஒண்ணுக்குப் போறாடா!”

சிட்டு அதை நிறுத்துவதற்காக விசையை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் புள்ளி ஏறியது. அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அழுதுகொண்டே எல்லா விசைகளையும் இரண்டு கையாலும் அடித்தாள். ஈரம் கட்டிலைத் தாண்டித் தரையில் ஓடியது. புள்ளி ஓடிக்கொண்டேயிருந்தது. சிரிக்க ஆரம்பித்த பெரியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் நிறுத்தவில்லை.

“யாரு இதைச் சேர்த்தது?” என்று தலைமை ஆசிரியை அதட்டினார்.

“நான்தான் மேடம். இதுவும் கவனிச்சுப் பாத்து எழுதினதுதான்.”

ஒரு எழுத்தும் சிக்கவில்லை. இத்தனை பேர் முன்னால், அதுவும் தலைமை ஆசிரியையின் கண்ணைப் பார்த்து, ‘மேடம்’ என்ற சொல் வழுவழுவென்று வந்து விழுந்தது. ஒரு நொடி அவளுக்கு அது அவ்வளவு இனிப்பாக இருந்தது. பிறகுதான் சிட்டுவின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றே வேலை போயிற்று. வீட்டில் அவள் பெட்டியை அண்ணி வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். அண்ணன்தான் உள்ளே இழுத்து வைத்து, “குழந்தைகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. அதுக்கப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

சிட்டுவை முன்னறையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தோரத்தில் அண்ணியின் கை பதிந்த தடம் சட்டைக்கு வெளியே தெரிந்தது. அவமானம் வந்தது ஒருத்தியால், அடி விழுந்தது இன்னொருத்திக்கு. அத்தை அவள் முன்னால் மண்டியிட்டாள். சிட்டுவிடம் பேச அவளுக்கு ஒருநாளும் திக்கியதில்லை.

“ம...”

வரவில்லை. மறுபடி முயன்றாள். “ம்... ம்... ம...” கண் மூடிக்கொண்டது. யாரும் உதவவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்தார். அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் கை தொடையைத் தட்டத் தொடங்கியது.

சிட்டு அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள்.

“நடிக்கிறாங்கம்மா. அங்க எல்லார் முன்னாடியும் எவ்வளவு நல்லா பேசினாங்க. இப்ப வேணும்னே பண்றாங்க.”

அண்ணி கதவைத் திறந்துவிட்டாள்.

ஊரின் மறுகோடியில், ஒரு அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை எடுத்துக்கொண்டு அவள் தங்கினாள். கீழே இயந்திரம் ஓடினால் தரை அதிரும். குழந்தைகளுக்கான விளையாட்டுகளைச் செய்கிற நிறுவனம் ஒன்றில், பிழை இருக்கிறதா என்று விளையாடிப் பார்த்துச் சொல்லும் வேலை கிடைத்தது. எழுதி அனுப்பினால் போதும். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்க்கலாம், பல நாள் அப்படித்தான் பார்த்தாள். பள்ளிக்கூடம் பூனை விளையாட்டை விடவில்லை. வரவேற்பில் உட்காருகிற பெண்ணின் குரலைப் பூனைக்குப் போட்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குரல் தெளிவாக இருப்பதாகப் பெற்றோர்களுக்கு மிகவும் திருப்தி.

சிட்டுவை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பழைய பள்ளியில் பிள்ளைகள் அவள் உட்காரும் பெஞ்சில் செய்தித்தாள் விரித்து வைத்தார்கள்.

மாதத்துக்கொரு முறை அண்ணன் வருவார். கை முழுக்க கிரீஸ் கறையோடு, அண்ணிக்குத் தெரியாமல். வந்தால் குழாய், சுவிட்ச், கதவுக் கீல் என்று எதையாவது பழுதுபார்த்துக்கொண்டிருப்பார். மகளைப் பற்றி அவராகப் பேசமாட்டார். இவளும் கேட்கமாட்டாள். ஒரு முறை மட்டும், அவர் ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கேட்டாள். சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. அவர் திரும்பாமல் காத்திருந்தார்.

“சி... சிட்டு எப்படிண்ணா இருக்கா?”

“இருக்கா. கம்ப்யூட்டர் கிளாஸ்னா மட்டும் வயித்துவலின்னு சொல்லி வீட்டுக்கு வந்துடுறா.” திருப்புளியை ஒரு சுற்றுச் சுற்றினார். “புது ஸ்கூல்ல பெத்தவங்களையும் வரச் சொல்லி, பிள்ளைங்கள குடும்பத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எங்கப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லன்னு சொன்னா. நான் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்.”

“நீ எ... எ...”

என்ன சொன்னே என்று கேட்க வருகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவள் முடிக்கட்டும் என்று இந்த முறை அவர் காத்திருக்கவில்லை.

“ஒண்ணும் சொல்லல. அப்படியே விட்டுட்டேன்” என்றார். தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். ஒழுங்காக விழுந்தது. கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.